நான்கு வாசல் தாயம்

எங்கள் வீட்டுத் தரையில் சாக்பீஸ் பிடிக்காது. மெருகேற்றிய டைல்ஸ் என்பதால் கோடு இழுத்தால் வெள்ளைத் தூள் உதிருமே தவிரக் கோடு நிற்காது. நின்றாலும் ஒரு குழந்தை அதன்மேல் உட்கார்ந்து எழுந்தால் பாவாடையோடு போய்விடும். சென்ற கோடை விடுமுறையில் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அத்தை, பேரப்பிள்ளைகளுக்குத் தாயம் கற்றுக்கொடுக்கலாம் என்று கூடத்தில் உட்கார்ந்து மூன்று முறை கட்டம் வரைந்து பார்த்தார். மூன்று முறையும் அழிந்தது. காகிதத்தில் வரைந்தோம், மின்விசிறிக் காற்றில் காகிதமும் காய்களும் சேர்ந்து நகர்ந்தன. அட்டையில் வரையலாம் என்று நான் எழுந்தபோது, ஒன்பது வயது மகள் தன் லெகோ பெட்டியை இழுத்து வந்து, அதிலிருந்த பெரிய பச்சை அடித்தட்டை அத்தையின் மடியில் வைத்து, "ஆச்சி, இதுலயே கட்டிருவோமா?" என்று கேட்டாள்.

அன்று தொடங்கிய வேலை பத்து நாள் நடந்தது. ஒரு பலகை ஆட்டத்தைக் கட்டைகளால் கட்டுவது இவ்வளவு யோசனை கேட்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதே சமயம், சிறு வயதிலிருந்து ஆடிவரும் ஓர் ஆட்டத்தின் விதிகளை நான் இவ்வளவு கூர்ந்து பார்த்ததும் இல்லை. கட்டியதையும் கட்டும்போது கண்டதையும், வீட்டில் லெகோ பெட்டி வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். தாயம் ஊருக்கு ஊர், ஏன் தெருவுக்குத் தெரு மாறும். ஏழுக்கு ஏழு கட்டம் போடுபவர்களும் உண்டு. நான் சொல்வது அத்தை வீட்டு முறை. ஐந்துக்கு ஐந்து என்று இருபத்தைந்து கட்டங்கள். நான்கு பக்கங்களிலும் நடுக்கட்டத்தில் பெருக்கல் குறி. அதற்கு மலை என்று பெயர். பலகையின் நடுவில் உள்ள கட்டமும் மலைதான், ஆனால் அது எல்லாருக்கும் பொதுவான பழம், அதாவது காய் கடைசியில் போய்ச் சேர வேண்டிய இடம். ஆளுக்கு ஒரு மலை, ஆளுக்கு நான்கு காய். தாயம், அதாவது ஒன்று விழுந்தால்தான் காய் தன் மலையில் இறங்கும். இறங்கிய காய் வெளிச்சுற்றை வலப்புறமாகச் சுற்றிக்கொண்டு போய், தன் மலைக்கு முந்தைய கட்டத்தை அடைந்ததும் உள்ளே திரும்ப வேண்டும்; உள்சுற்றில் திசை மாறி எட்டுக் கட்டங்களைக் கடந்து நடுமலைக்கு ஏறிப் பழமாக வேண்டும். வெளிச்சுற்று பதினாறு, உள்சுற்று எட்டு, பழம் ஒன்று என்று கூட்டினால் இருபத்தைந்து. ஒவ்வொரு காயும் பலகையின் எல்லாக் கட்டங்களையும் ஒரு முறை மிதித்துவிட்டுத்தான் பழமாகிறது. இத்தனை ஆண்டுகள் ஆடியும் இதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. கட்டை வாங்குவதற்காகக் கணக்குப் போட்டபோதுதான் கண்ணில் பட்டது.

எதிரியின் காய் நிற்கும் கட்டத்தில் நம் காய் சரியாகப் போய் விழுந்தால் அது வெட்டு; வெட்டுப்பட்ட காய் வெளியே போய் மறுபடியும் தாயத்துக்குக் காத்திருக்கும். மலையில் இருக்கும் காயை வெட்ட முடியாது. இவற்றோடு இன்னொரு விதி உண்டு: ஒரு வெட்டாவது வெட்டாதவர் உள்சுற்றுக்குள் நுழையக் கூடாது. வெட்டும் வரை அவர் காய் வெளியிலேயே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்த விதியால் வந்த சண்டைகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் பலகையின் உயிரே அதில்தான் இருக்கிறது.

கட்டுமானத்துக்கு வருகிறேன். லெகோ கட்டையின் மேலுள்ள சிறு வட்ட முளைகளை நாங்கள் குமிழ் என்கிறோம். ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். எங்கள் அடித்தட்டில் பக்கத்துக்கு 32 குமிழ்கள். ஐந்து கட்டங்கள் வேண்டும், ஆனால் முப்பத்திரண்டு ஐந்தால் வகுபடாது. மகள் முதலில் காகிதத்தில் வரைவதைப்போலவே யோசித்தாள்: கட்டத்துக்கு ஐந்து குமிழ், கோட்டுக்கு ஒரு குமிழ். ஐந்து கட்டத்துக்கு இருபத்தைந்து, ஆறு கோட்டுக்கு ஆறு, மொத்தம் முப்பத்தொன்று. ஒரு பக்கம் ஒரு வரிசை மிஞ்சி, பலகை கோணலாகத் தெரிந்தது. கோடே வேண்டாம், இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி வைத்தால் கட்டம் தானாகப் பிரியும் என்று பிறகு தோன்றியது. ஆறுக்கு ஆறு குமிழ் அளவில் சதுரத் தகடுகள் கிடைக்கின்றன; ஐந்து தகடு முப்பது குமிழ், சுற்றிலும் ஒரு குமிழ் அளவுக்குப் பச்சைக் கரை. புடவைக்குக் கரை அமைந்ததைப்போல் அளவாக அமைந்துவிட்டது.

வெள்ளைத் தகடு பதின்மூன்று, சாம்பல் தகடு பன்னிரண்டு உதிரியாக வாங்கினேன். மூலையில் வெள்ளையிலிருந்து தொடங்கி ஒன்றுவிட்டு ஒன்று அடுக்கினால், நான்கு மலைகளும் நடுமலையும் வெள்ளையிலேயே வந்து விழுகின்றன. இதற்காக நாங்கள் எதுவும் செய்யவில்லை. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அது தானாகவே வருவது.

மலைக்குப் பெருக்கல் குறி போடுவதில் ஒரு சங்கடம் இருந்தது. இந்தக் கட்டைகளில் நேர்கோடும் செங்கோணமும்தான் இயல்பு. சாய்கோடு இழுக்க முடியாது. அத்தைதான் வழி சொன்னார். தலையணை உறையில் குறுக்குத் தையல் போடும்போது சாய்கோடு படிபடியாகத்தான் போகும், அதேபோல் வை என்றார். ஒரு குமிழ் அளவுள்ள சிவப்பு வழவழப்புத் தகடுகளை மூலையிலிருந்து மூலைக்கு ஒவ்வொன்றாக இறக்கினோம். ஆறு குமிழ் அகலத்தில் ஒரு மலைக்குப் பன்னிரண்டு துண்டு, ஐந்து மலைக்கு அறுபது. வைத்து முடித்ததும் மகள் ஒன்றைக் கவனித்தாள். குறியின் நான்கு இடைவெளிகளிலும் இரண்டுக்கு இரண்டு குமிழ் அளவில் சரியாக ஒவ்வொரு இடம் மிஞ்சியிருந்தது. எங்கள் காயும் இரண்டுக்கு இரண்டு கட்டைதான். ஒரு மலையில் நான்கு காய்கள் நெருக்கமின்றி நிற்க இடம் தானாக வாய்த்தது.

இதுவரை பலகை தட்டையாக இருந்தது. தட்டையான பலகையிலேயே ஒரு நாள் ஆடினோம். ஆறு வயது மகன் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் குழம்பினான்: வெளிச்சுற்று முடிந்து உள்ளே திரும்பும் இடம். அங்கே திசை மாறுகிறது என்பது அவன் மனத்தில் நிற்கவில்லை. அத்தை விரலால் காட்டுவார், அவன் தலையாட்டுவான், அடுத்த காய்க்கு மறுபடி கேட்பான். அவனுக்கு விளங்கும்படி சொல்வதற்குப் பதிலாகப் பலகையையே விளங்கும்படி ஆக்கலாமே என்று உள்சுற்று முழுவதையும் ஒரு கட்டை உயரத்துக்குத் தூக்கினோம். ஒரு கட்டையின் உயரம் 9.6 மில்லிமீட்டர், மூன்று தகடுகளை அடுக்கினால் அதே உயரம் வரும். நடுமலையை இன்னும் ஒரு கட்டை உயர்த்தினோம். இப்போது பலகை, தெருவும் அதற்குள் மேடையும் மேடை நடுவே பீடமுமாக ஒரு கோயிலைப்போல் ஆகிவிட்டது. காய் படியேறுகிறது என்று கண்ணால் பார்த்ததும் மகனுக்குத் திசை பற்றிய சந்தேகமே போய்விட்டது. தெருவில் ஒரு பக்கம் சுற்ற வேண்டும், மேடையில் மறுபக்கம் சுற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தூக்கியதில் ஒரு தவறு செய்தோம். ஒவ்வொரு தகட்டின் அடியிலும் நான்கு மூலைக்கு நான்கு சிறு கட்டைகளைத் தூணாக வைத்தோம். பார்க்க உறுதியாகத்தான் இருந்தது. மாலையில் பலகையை எடுத்து அலமாரியில் வைக்கப் போனபோது, மெல்லிய அடித்தட்டு நடுவில் வளைந்து, ஒன்பது கட்டங்களும் ஒன்பது தீவுகளாகப் பிரிந்து தரையெங்கும் சிதறின. மகன் அழுதான். கொத்தனார் சுவர் எழுப்பும்போது மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் செங்கல்லை மாற்றி வைப்பது ஏன் என்று அன்றுதான் மூவருக்கும் விளங்கியது. மறுநாள் அடுத்தடுத்த இரண்டு தகடுகளின் விளிம்பையும் ஒரே கட்டை தாங்கும்படி, எட்டுக் குமிழ்க் கட்டைகளை மூட்டுகளின் அடியில் குறுக்காக வைத்தோம். அடித்தட்டையும் ஒரு மணைப்பலகையின்மேல் இருபுறப் பசைநாடாவால் ஒட்டினோம். அதன்பிறகு பலகையைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒரு துண்டு விழுவதில்லை.

இடையில் ஒரு சிறு செய்தி. இந்தக் கட்டைகளில் பாதி, என் கணவரின் அண்ணன் பிள்ளைகள் ஆடிவிட்டுக் கொடுத்தவை. இருபது வருடத்துக்கும் மேலானவை. மீதி சென்ற ஆண்டு வாங்கியவை. இரண்டும் ஒன்றோடொன்று தயக்கமின்றிப் பொருந்துகின்றன. டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் 1932ஆம் ஆண்டு ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் மர பொம்மைகள் செய்யத் தொடங்கியதுதான் இந்த நிறுவனத்தின் தொடக்கம். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களின் சுருக்கமே லெகோ. இன்றுள்ள வடிவில், உள்ளே குழாய் வைத்த கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார்கள். அன்றைய கட்டையும் இன்றைய கட்டையோடு பொருந்தும். ஒரு பொம்மை தலைமுறை தாண்டி இப்படிப் பொருந்துவதை நான் மிகவும் மதிக்கிறேன். அத்தைக்கும் அது பிடித்திருந்தது.

இப்போது வாசல். முன்பு சொன்ன விதியை நினைவில் கொள்ளுங்கள்: வெட்டாதவர் உள்ளே போகக் கூடாது. காகிதத்திலோ தரையிலோ ஆடும்போது யார் வெட்டியிருக்கிறார்கள், யார் வெட்டவில்லை என்பதை நினைவில்தான் வைத்திருக்க வேண்டும். நான்கு பேர் ஆடும் ஆட்டத்தில், முக்கால் மணி நேரம் கழிந்தபின், "நான் அப்பவே வெட்டினேன்" என்று ஒருவர் சொல்ல, "என் காயையா வெட்டினே? எப்போ?" என்று மற்றவர் கேட்க, ஆட்டம் அங்கேயே நின்றுபோன நாட்கள் என் சிறு வயதில் பல உண்டு. தாயம் ஆடினால் வீட்டில் சண்டை வரும் என்று பெரியவர்கள் சொல்வதற்கு இந்த ஒரு விதியே போதுமான காரணம் என்று நினைக்கிறேன்.

பலகை மேடாக எழும்பியதும், உள்ளே நுழையும் இடங்களைக் கவனித்தேன். தெற்கே உட்கார்ந்திருப்பவர் உள்சுற்றின் தென்மேற்கு மூலைக் கட்டத்தில் ஏறுகிறார். கிழக்கே இருப்பவர் தென்கிழக்கு மூலையில், வடக்கே இருப்பவர் வடகிழக்கில், மேற்கே இருப்பவர் வடமேற்கில். நான்கு பேருக்கும் நான்கு தனித்தனி நுழைவிடங்கள். எங்கும் இருவருக்கு ஒரே இடம் வரவில்லை. அப்படியானால் ஒவ்வொருவருக்கும் அவரவர் நிறத்தில் ஒரு வாசல் வைத்துவிடலாமே! பெட்டியில் வளைவுக் கட்டைகள் இருந்தன. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்று நான்கை எடுத்து, நான்கு நுழைவுப் படிகளின் விளிம்பிலும் ஒவ்வொன்றாக நிறுத்தினோம். முதல் வெட்டு வெட்டியதும் அவர் தன் வாசலைப் பிடுங்கித் தன் முன்னால் வைத்துக்கொள்ள வேண்டும். வாசல் பலகையில் நின்றால் வெட்டவில்லை. கையில் இருந்தால் வெட்டியாகிவிட்டது. இதற்குமேல் யாரும் எதையும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லை, யாரையும் நம்பவும் தேவையில்லை.

விதி ஒரு பொருளாகிவிட்டால் குழந்தைகள் அதைக் கையாளும் விதமே வேறாகிவிடுகிறது. வாசல் வைத்த முதல் ஆட்டம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மகனின் காய் ஒன்று முதல் சுற்று முடித்து, வெட்டில்லாததால் இரண்டாம் சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. தன் வாசலைக் கடந்து போகும்போது அவன் காயைச் சற்று நிறுத்தி, வளைவின் வழியாக உள்ளே எட்டிப் பார்ப்பதுபோல் தலையைத் தரையோடு சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்த்தினான். அக்காவின் மஞ்சள் காய் இரண்டு கட்டம் முன்னால் நின்றது. பகடைக்குப் பதிலாக நாங்கள் உருட்டியது ஒரு பக்கம் வெளுக்கத் தேய்த்த நான்கு புளியங்கொட்டைகள்; அவன் அந்த விதைகளை இரு கைகளுக்குள் வைத்து நெடுநேரம் குலுக்கி விட்டான். இரண்டு வெளுப்பு, இரண்டு கறுப்பு. இரண்டு. ஒரு கணம் யாரும் பேசவில்லை. அவன் மஞ்சள் காயைப் பிடுங்கி அக்காவிடம் மரியாதையாகக் கொடுத்துவிட்டு, தன் காயை அங்கே வைத்துவிட்டு, சிவப்பு வளைவை இரண்டு விரலால் அசைத்து அசைத்து இழுத்தான். டக்கென்று ஒரு சத்தத்தோடு அது கையில் வந்தது. "ஏல, வாசல் தெறந்தாச்சுல்லா, இனி பதனமாப் போ" என்றார் அத்தை. அந்த ஆட்டத்தில் அவன் மூன்றாவதாகத்தான் வந்தான். ஆனால் வளைவைக் கையிலேயே பிடித்தபடி தூங்கிப் போனான்.

உருட்டுவதற்குத் தாயக்கட்டையையும் லெகோவிலேயே செய்ய முயன்றோம். பித்தளைத் தாயக்கட்டை நீளமான நாலு பட்டைக் கோல். முகங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள், ஒரு முகம் வெறுமை. கட்டையில் அதைச் செய்ய ஓர் அழகான கணக்கு உண்டு. ஒரு தகட்டின் உயரம் 3.2 மில்லிமீட்டர், ஐந்து தகடு 16. இரண்டு குமிழின் அகலமும் 16. ஆகவே இரண்டு குமிழ் அகலத் தகடுகளில் நான்கை அடுக்கி, மேலே ஒரு வழவழப்புத் தகடு மூடினால் சரியான சதுரக் குறுக்குவெட்டு உள்ள கோல் கிடைக்கும். கிடைத்தது. பார்ப்பதற்கு மிக அழகாகவும் இருந்தது. ஆனால் உருட்டினால் ஒரே முகம் அடிக்கடி மேலே வந்தது. ஒரு பக்கம் மூடியும், எதிர்ப்பக்கம் அடியில் குழிந்தும் இருப்பதால் கோலின் எடை சமமாக இல்லை. கனமான பக்கம் கீழே உட்கார, குழிந்த பக்கம் மேலே நிற்க விரும்புகிறது. மகள் நூறு முறை உருட்டிக் கோடு போட்டுக் குறித்தாள். நான்கு முகமும் சமமாக விழ வேண்டிய இடத்தில் குழிந்த முகத்தின் கோடுகள் மற்றவற்றைவிட நன்றாகவே நீண்டிருந்தன. அந்த முகத்துக்கு ஒன்றை வைத்தவர் ஆட்டம் முழுக்கத் தாயம் போடுவார். அது நியாயமில்லை.

லெகோ நிறுவனமே 2009ஆம் ஆண்டு கட்டி ஆடும் பலகை ஆட்டங்களை வரிசையாக வெளியிட்டபோது, பகடையைச் சாதாரணக் கட்டைகளால் செய்யவில்லை. ரப்பர் விளிம்பு வைத்து, ஆறு முகங்களிலும் துண்டுகளை மாற்றிப் பொருத்தும்படி அதற்கென்றே தனியாக ஒரு பகடையைச் செய்தார்கள். அந்த வரிசையில் பிரமிடு ஆட்டம் ஒன்றை வடிவமைத்தவர், கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஜெர்மானிய ஆட்ட வடிவமைப்பாளர் ரைனர் க்னிசியா. பகடைக்குத் தனிப் பொருள் வேண்டும் என்ற முடிவு எவ்வளவு சரியானது என்பது எங்கள் கோலை உருட்டிப் பார்த்தபின் தெரிந்தது.

அத்தைக்கு இதில் குழப்பமே இல்லை. சமையலறையில் புளி கரைத்தபோது எடுத்துவைத்த கொட்டைகளில் நான்கைத் தேர்ந்தெடுத்து, மொட்டைமாடிச் சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் வெளுக்கும் வரை தேய்த்துக் கொண்டுவந்தார். உருட்டினால் எத்தனை வெளுப்பு மேலே தெரிகிறதோ அத்தனை. நான்கும் வெளுப்பென்றால் நான்கு. நான்கும் கறுப்பென்றால் எட்டு. ஒன்று, நான்கு, எட்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம். கட்டையால் கட்டிய பலகையில் புளியங்கொட்டையை உருட்டுவது பொருந்துமா என்று எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது. இன்று அந்தத் தயக்கம் இல்லை. விழுவதற்குச் சிறந்தது விதை, நிற்பதற்குச் சிறந்தது கட்டை. அவரவர் வேலையை அவரவர் செய்கிறார்கள்.

விதையின் இரு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. நான்கு விதைகள் விழக்கூடிய விதம் பதினாறு. அவற்றில் தாயம் நான்கு விதத்தில் விழும், இரண்டு ஆறு விதத்தில், மூன்று நான்கு விதத்தில், நாலும் எட்டும் ஒவ்வொரு விதத்தில். தாயம் விழ நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு முறை உருட்டியும் ஒரு தாயம்கூட விழாமல் போக மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவான வாய்ப்பு இருக்கிறது. பெரியவர்களுக்கு அது பொறுமைச் சோதனை. ஆறு வயதுக் குழந்தைக்கோ அது மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு தான் மட்டும் வெளியே உட்கார்ந்திருப்பது. எட்டு விழுந்தாலும் காயை இறக்கலாம் என்று ஒரு சலுகை சேர்த்தோம். அத்தை முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் வரிசையாக ஏழு முறை உருட்டித் தாயம் விழாமல் உதடு துடித்ததைப் பார்த்தபின், சலுகையை அவரே எல்லாருக்கும் அறிவித்தார்.

கடைசியாக ஒரு திருத்தம் அத்தையின் கைக்காகச் செய்தது. கட்டைக் காயைக் குமிழில் அழுத்தி வைத்தால் அது அசையாது. அதுதான் அதன் சிறப்பு. ஆனால் அவருடைய விரல் மூட்டுகளில் வீக்கம் உண்டு. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காயைப் பிடுங்குவது அவருக்கு வலித்தது என்பதை, அவர் சொல்லாமல், நகத்தால் காயை நெம்பி எடுப்பதைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். இரண்டுக்கு இரண்டு அளவில், நடுவில் ஒற்றைக் குமிழ் மட்டும் உள்ள தகடு ஒன்று உண்டு. அதன்மேல் காயை வைத்தால், காயின் அடியிலுள்ள குழாய்க்குள் அந்த ஒரு குமிழ் மட்டும் புகுந்து பிடித்துக்கொள்ளும். தட்டினால் விழாது, ஆனால் இரண்டு விரலால் லேசாகத் தூக்கினால் வந்துவிடும். விரலால் தள்ளினால் நின்ற இடத்திலேயே சுழலவும் செய்யும். சாதாரணக் கட்டம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒன்று, பக்க மலைகளின் நான்கு இடங்களிலும் ஒவ்வொன்று என்று முப்பத்தாறு தகடுகள் வைத்தோம். நடுமலையில் மட்டும் வைக்கவில்லை. பழமான காய் மீண்டும் இறங்காது என்பதால் அங்கே அழுத்தியே வைக்கிறோம். ஒருவரின் நான்கு காய்களும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, ஆட்டம் முடியும்போது நடுவில் நான்கு நிறக் கோபுரங்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்கும்.

மே மாதக் கடைசியில் அத்தையைக் கொண்டுபோய் விட நெல்லை எக்ஸ்பிரஸில் போனோம். மணைப்பலகையோடு தாயமும் வந்தது. கீழ்ப் படுக்கையின் நடுவில் அதை வைத்து, விதைகளை ஒரு எவர்சில்வர் மூடியில் போட்டு உருட்டி, விளக்கணைக்கும் வரை ஆடினோம். வண்டி எவ்வளவு குலுங்கினாலும் ஒரு காயும் இடம் மாறவில்லை. எதிரில் இருந்த அம்மா ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கறுப்புக்குத் தான் ஆடலாமா என்று கேட்டு எங்களோடு சேர்ந்துகொண்டார். வாசலைப் பற்றி அவருக்கு மகன்தான் விளக்கிச் சொன்னான். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அவர் இரண்டு வெட்டு வெட்டிவிட்டார்.

ஊரில் அத்தை வீட்டுத் திண்ணை பழைய சிமெண்டுத் தளம்; சாக்பீஸ் நன்றாகவே பிடிக்கும். மறுநாள் காலையில் நான் காபியோடு வெளியே வந்தபோது, அத்தை ஐந்துக்கு ஐந்து கட்டம் வரைந்து, தெருப்பிள்ளைகள் மூன்று பேரைச் சுற்றி உட்காரவைத்திருந்தார். காய்க்கு இரண்டு பேர் கூழாங்கல், ஒருவன் உடைந்த வளையல் துண்டு. எங்கள் பலகையில் இருந்த நான்கு வளைவுகளும் சாக்பீஸ் கட்டத்தின் நான்கு நுழைவிடங்களில் நின்றுகொண்டிருந்தன. மகனிடம் கேட்டுத்தான் எடுத்தாராம். நாங்கள் கிளம்பிய அன்று அவற்றை அவர் திருப்பித் தரவில்லை, மகனும் கேட்கவில்லை. சுருக்குப்பையில் புளியங்கொட்டைகளோடு அவையும் போய்விட்டன.

சென்னைக்கு வந்ததும் அவன் பெட்டியைக் கொட்டி, வளைவு வேறு இல்லாததால், சிறு கட்டைகளை இரண்டு தூணாக நிறுத்தி, மேலே ஒரு நீளத் தகட்டை உத்தரமாக வைத்து நான்கு புதிய வாசல்கள் கட்டினான். இவை முன்னவற்றைவிட உயரம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு காய்கூடக் குனியாமல் உள்ளே போகலாம் என்று அளந்து காட்டினான்.